‘எட்டாயிரம் கொடுத்தா அடுத்த வாரமே அளப்பாங்க’: கொடுப்பதா, புகார் செய்வதா?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் அம்மாவின் தம்பியிடமிருந்து 7 சென்ட் புரையிடம் (வீட்டடி நிலம்) கிரயம் வாங்கினேன். மொத்தம் 31 சென்ட். மாமா, சித்தி, காலமான பெரிய மாமா மூவர் பெயரிலும் கூட்டுப் பட்டா இருக்கிறது. பத்திரம் பதிந்து, இ-சேவை மையத்தில் உட்பிரிவுடன் (என் பங்கை அளந்து தனி எண்ணாகப் பிரித்து) பட்டா மாறுதலுக்கு மனுவும் கொடுத்து நான்கு மாதம் ஆகிவிட்டது. சர்வேயர் வரவேயில்லை. தாலுகா ஆபீசுக்குப் போய்வரும் ஓர் ஆள், “எட்டாயிரம் ஆகும். சர்வேயருக்கு அஞ்சு, மேலே மூணு. குடுத்தா அடுத்த வாரமே அளப்பாங்க” என்கிறார். வீட்டுக் கடனுக்கு வங்கி என் பெயரில் பட்டா கேட்கிறது. கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். அவசரத்தில் அந்த ஆளுக்கு 2,000 ரூபாய் ஜிபேயில் அனுப்பிவிட்டேன். நான்கு நாள் ஆகிறது. மீதியைக் கொடுத்துத் தொலைப்பதா, புகார் செய்வதா? புகார் செய்தால் என் மனு அப்படியே கிடந்துபோகுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் கடிதத்தில் நாள் கணக்கு ஓடிக்கொண்டிருப்பது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். அந்த 2,000 ரூபாய். அதற்கான பதிலை மட்டும் முன்பே உங்களுக்கு அனுப்பிவிட்டோம். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக அதையும் சேர்த்து எழுதுகிறோம்.

1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் 2018-இல் திருத்தப்பட்டது. அதற்குப் பிறகு லஞ்சம் வாங்குபவரைப் போலக் கொடுப்பவரும் குற்றவாளிதான். 8-ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பணத்தை அலுவலர் கையில் கொடுத்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அவரை வசப்படுத்துவதற்காக ‘இன்னொருவரிடம்’ கொடுத்தாலும் போதும். ஆகவே ‘நான் ஆபீசில் யாருக்கும் கொடுக்கவில்லை, அந்த ஆளுக்குத்தான் கொடுத்தேன்’ என்பது தப்பிக்கும் வழி ஆகாது. ஆனால் அதே பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர், கொடுத்த நாளிலிருந்து 7 நாளுக்குள் காவல் துறையிடமோ புலனாய்வு அமைப்பிடமோ தெரிவித்துவிட்டால் அந்தக் குற்றம் அவரைப் பிடிக்காது. உங்களுக்கு நான்கு நாள் போய்விட்டது. மூன்று நாள் மிச்சம் இருக்கிறது.

தனியாகப் போகத் தயங்கினால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமலே இலவச வழக்கறிஞர் உதவி கிடைக்கும். 15100 என்ற எண்ணில் கேட்டாலும் வழி சொல்வார்கள். ஜிபே பரிவர்த்தனை, வாட்ஸ்அப் செய்தி, அழைப்புப் பட்டியல் எதையும் அழிக்காதீர்கள். ஜிபேயில் அனுப்பினால் ஆதாரம் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கிடைக்கத்தான் செய்யும், ஆனால் அதில் கொடுத்தவர் பெயரும் இருக்கும். ‘ரெண்டாயிரத்தைத் திருப்பிக் குடுங்க’ என்று அவரிடம் பேரம் பேசப் போகவும் வேண்டாம். பணம் திரும்பி வந்தாலும் நடந்தது நடந்ததுதான். தகவல் முன்கூட்டியே போய்விடும் என்பதுதான் மிச்சம்.

இனி மனுவுக்கு வருவோம். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்த எட்டாயிரத்தைக் கேட்பது யார் என்பது. ‘சர்வேயருக்கு அஞ்சு, மேலே மூணு’ என்று சொன்னது இடையில் நிற்கும் ஆள். அலுவலகத்தில் இருக்கும் யாரும் உங்களிடம் நேரில் கேட்கவில்லை. வேலை எப்படியும் நடக்கும் நாளைத் தெரிந்துகொண்டு, ‘நான்தான் முடித்துக் கொடுத்தேன்’ என்று முழுத் தொகையையும் தாமே வைத்துக்கொள்ளும் ஆட்களும் உண்டு. அவர் கேட்பதும் தனிக் குற்றம்தான். அரசு ஊழியர் மீதுள்ள செல்வாக்கைக் காட்டிப் பணம் வாங்குபவருக்கென்றே 7-ஏ பிரிவு இருக்கிறது. குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. ஆனால் அலுவலர் பெயரைப் போட்டுப் புகார் எழுதும்முன் அவருக்கு இதில் பங்கு உண்டு என்று காட்ட உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும். கேள்விப்பட்டதை நேரில் கேட்டதாக எழுதினால் வழக்கு முதல் படியிலேயே சறுக்கும்.

இ-சேவை ரசீதில் இருக்கும் விண்ணப்ப எண்ணை அரசின் இணையச் சேவைத் தளத்தில் போட்டுப் பாருங்கள். மனு யாருடைய லாகினில் நிற்கிறது என்று வரும்: கிராம நிர்வாக அலுவலரா, குறுவட்ட சர்வேயரா, நில அளவைப் பிரிவில் வரைபடம் சரிபார்ப்பவரா, துணை வட்டாட்சியரா, வட்டாட்சியரா. சர்வேயரிடம் வந்தே சேராத மனுவுக்குச் சர்வேயர் பெயரைச் சொல்லி ஐயாயிரம் கேட்டால், அது யாருடைய பைக்குப் போகும் என்று ஊகிக்கக் கஷ்டம் இல்லை. அந்தப் பக்கத்தைத் தேதியோடு அச்செடுத்து வையுங்கள். வாரம் ஒருமுறை எடுத்து வந்தால், மனு எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கியது என்பதற்கு அதுவே நாட்குறிப்பு ஆகிவிடும். இன்னொன்றையும் பாருங்கள். பத்திரம் பதிவாகும்போதே பட்டா மாறுதல் கோரிக்கை இணைய வழியில் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகும். பிறகு இ-சேவை மையத்தில் நீங்கள் கொடுத்தது இரண்டாவது மனுவாகியிருக்கலாம். ஒரே நிலத்துக்கு இரண்டு எண் இருந்தால் ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளுபடி செய்வது மிகச் சுலபம்.

அடுத்தது உங்களுக்குக் கொஞ்சம் கசக்கும். உங்கள் மனு நிற்பதற்கு நியாயமான காரணமும் இருக்கலாம். மூன்று பேர் கூட்டுப் பட்டா. அதில் ஒருவர் காலமாகிவிட்டார். பாகப்பிரிவினைப் பத்திரம் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. அப்படியொன்று பதிவாகாமல், 31 சென்டில் இந்த 7 சென்ட் இன்ன மூலை என்று மாமா மட்டும் எழுதிக் கொடுத்திருந்தால், சித்தியும் பெரிய மாமாவின் வாரிசுகளும் ஆட்சேபிக்க இடம் இருக்கிறது. 1983-ஆம் ஆண்டின் பட்டா பாஸ்புத்தகச் சட்டப்படி பதிவில் மாற்றம் செய்யும்முன் சம்பந்தப்பட்டவர்களுக்கு அறிவிப்பு கொடுத்து விசாரிக்க வேண்டும். அந்த விசாரணையைச் செய்யாமல் ‘முடித்துத் தருகிறேன்’ என்று பணம் வாங்கிப் போடும் பட்டா, நாளைக்குச் சித்தி ஒரு மேல்முறையீடு போட்டாலே ரத்தாகிவிடும். எட்டாயிரம் கொடுத்து வாங்கும் பட்டாவின் ஆயுள் சில நேரம் அவ்வளவுதான்.

லஞ்சம் கேட்கப்படும் இடங்களைக் கவனித்தால், பெரும்பாலும் காகிதத்தில் ஏதோ ஒரு குறை இருக்கும். அதை வெளிப்படையாக எழுதிக் கேட்டால் மனுதாரர் சரிசெய்துவிடுவார். எழுதாமல் வாயால் மட்டும், ‘இதிலே ஒரு சிக்கல் இருக்கு’ என்று சொல்லி வைத்தால் அந்தச் சிக்கலுக்கு ஒரு விலை பிறக்கும். ஆகவே உங்கள் வேலை இரண்டு: குறையை நீங்களே கண்டுபிடித்து அடைப்பது, அதன் பிறகும் மனு நின்றால், ஏன் நிற்கிறது என்பதை எழுத்தில் வரவைப்பது.

குறையைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது போதும். சிட்டா (உரிமையாளர் விவரம்), ஏ-பதிவேடு (சர்வே எண்வாரி நிலப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றையும் இணையத்தில் எடுங்கள். பத்திரத்தில் அளவு சென்டில் இருக்கும்; அரசுப் பதிவில் ஹெக்டேர், ஏர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர். உங்கள் 7 சென்ட் 283 சதுர மீட்டர், அதாவது 2.83 ஏர். மொத்த 31 சென்ட் 12.55 ஏர் வர வேண்டும். ஏ-பதிவேட்டில் 12.00 ஏர் என்று இருந்தால் அது 29.65 சென்ட்தான். 1.35 சென்ட் காகிதத்தில் இல்லை. கையாலை (எல்லைச் சுவர்) இடிந்து பக்கத்துப் புரையிடத்தில் சேர்ந்திருக்கலாம், இடவழிக்கு (சந்துப் பாதைக்கு) போயிருக்கலாம், பழைய பத்திரத்திலேயே கூடுதலாக எழுதியிருக்கலாம். மாமா ஏற்கெனவே வேறு யாருக்காவது விற்றிருந்தால் கணக்கு இன்னும் இடிக்கும். அந்தக் குறைவு யார் பங்கில் விழும் என்று தீர்மானிக்காமல் சர்வேயரால் கோடு போட முடியாது.

நீள அகலத்தையும் பாருங்கள். முகப்பு 12 மீட்டர் என்றால் ஆழம் 23.6 மீட்டர் வந்தால்தான் 7 சென்ட் ஆகும். பத்திரத்தில் லிங்க்ஸ் கணக்கு இருந்தால் 1,000 சதுர லிங்க்ஸ் ஒரு சென்ட். ஒரு லிங்க் 20.1 சென்டிமீட்டர். நான்கு எல்லையை மட்டும் எழுதி அளவே போடாத பத்திரங்கள் நம் மாவட்டத்தில் நிறைய. ‘கிழக்கே தென்னை நிற்கும் வரப்பு’ என்று எழுதியிருப்பார்கள்; தென்னையை வெட்டி ரப்பர் வைத்தாயிற்று. அப்படி இருந்தால் மாமாவிடம் பிழைதிருத்தல் பத்திரம் எழுதி வாங்கி, அளவோடு கூடிய வரைபடத்தையும் இணைத்துவிடுங்கள். பழைய சர்வே எண்ணும் ரீ-சர்வே எண்ணும் இரண்டுமே பத்திரத்தில் சரியாக வந்திருக்கிறதா என்பது இன்னொன்று. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த மண் என்பதால் பழைய மூல ஆவணம் மலையாளத்தில் இருக்கக்கூடும். அதைத் தமிழில் எழுதும்போது வீட்டுப் பெயரும் தகப்பனார் பெயரும் உருமாறிவிடும். ஒரே ஆளுக்கு இரண்டு பத்திரத்தில் இரண்டு பெயர் இருந்தால், இருவரும் ஒருவரே என்பதற்குச் சான்று வாங்கி மனுவோடு வைத்துவிடுங்கள். பெரிய மாமாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, சித்தியும் வாரிசுகளும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் இவையும் வேண்டும். சம்மதம் கிடைக்காது என்றால் பாகப்பிரிவினைதான் வழி. வேறு எந்த வழியில் போனாலும் நிலைக்காது.

இத்தனையும் சேர்த்த பிறகு வட்டாட்சியருக்கு ஒரு பக்க மனு எழுதுங்கள். விண்ணப்ப எண், தேதி, பத்திர எண், சர்வே எண், இணைத்திருக்கும் ஆவணங்களின் பட்டியல். கடைசியில் ஒரு வரி: ‘மேலும் ஆவணம் தேவைப்பட்டால் எழுத்து மூலம் தெரிவிக்கவும், மனுவை ஏற்க இயலாது எனில் காரணம் குறிப்பிட்டு உத்தரவு வழங்கவும்.’ நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் அங்கே வாதாட வேண்டாம். ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்பிவிடுங்கள். உட்பிரிவு இல்லாத பட்டா மாறுதலுக்கு 15 நாள், உட்பிரிவு உள்ளதற்கு 30 நாள் என்று அரசு வைத்திருக்கும் காலக்கெடுவையும் மனுவில் குறிப்பிடுங்கள். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தில் 2012 முதல் சேவை உரிமைச் சட்டம் இருக்கிறது. கெடு தாண்டினால் அலுவலருக்கு அபராதம் விழும். நம் பக்கத்துக் கெடு அரசு உத்தரவின் பலத்தில் நிற்பது. அதை நாம்தான் நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

பதினைந்து நாள் பொறுத்தும் பதில் இல்லையென்றால் தகவல் உரிமை மனு போடுங்கள். இதில் முக்கால்வாசிப் பேர் செய்யும் தவறு, ‘ஏன் இன்னும் முடிக்கவில்லை?’ என்று கேட்பது. அந்தச் சட்டம் பதிவேட்டில் இருப்பதைத்தான் தரச் சொல்கிறது, விளக்கம் சொல்லச் சொல்லவில்லை. ‘காரணம் கேட்பது தகவல் ஆகாது’ என்று ஒற்றை வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்:

‘1. விண்ணப்ப எண் ______ எந்தத் தேதியில் எந்த அலுவலரின் பார்வைக்கு வந்தது, எந்தத் தேதியில் அடுத்தவருக்கு அனுப்பப்பட்டது என்ற விவரம். 2. அதன் மீது எழுதப்பட்ட குறிப்புகள் அனைத்தின் நகல். 3. ______ வருவாய் கிராமத்தில் கடந்த ஓராண்டில் பெறப்பட்ட உட்பிரிவு விண்ணப்பங்களின் எண், பெற்ற தேதி, அளவீடு செய்த தேதி, உத்தரவிட்ட தேதி. பெயர் விவரம் தேவையில்லை. 4. மேற்படி கோப்பை நேரில் பார்வையிட அனுமதி.’

மூன்றாவது கேள்விதான் உயிர். உங்களுக்குப் பின்னால் வந்த எத்தனை மனு உங்களுக்கு முன்னால் அளக்கப்பட்டது என்பது அந்தப் பட்டியலில் தெரிந்துவிடும். வரிசையைத் தாண்டியதற்குக் கோப்பில் காரணம் எழுதப்படவில்லையென்றால், துறை விசாரணைக்கு அதுவே வித்து. ‘17-பி’ (கடும் தண்டனைக்கான துறைக் குற்றச்சாட்டு விதி) என்று சொன்னால் அரசு அலுவலகத்தில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. பெயர் வேண்டாம் என்று நீங்களே எழுதிவிடுவதால், தனிநபர் தகவல் என்று சொல்லி மறுக்கவும் முடியாது. 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் பயன்படாவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாவது மேல்முறையீடு. ஆனால் இந்த மனு போய்ச் சேர்ந்த வாரத்திலேயே சர்வேயரிடமிருந்து போன் வந்துவிடுவதும் உண்டு. அந்த நிலையில் மனுவைத் திரும்பப் பெறச் சொல்லிக் கேட்டால் பெறாதீர்கள்.

நாகர்கோவிலில் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள், ‘முதல்வரின் முகவரி’ துறைக்கான 1100 என்ற உதவி எண், ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தி (வருவாய்க் கணக்குத் தணிக்கை), எல்லாவற்றையும் பயன்படுத்தலாம். அவை பெரும்பாலும் அதே வட்டாட்சியருக்கே திரும்பி வரும் என்பதையும் மனதில் வையுங்கள். அவற்றின் லாபம், மனுவுக்கு இன்னொரு எண்ணும் மேலே இருப்பவரின் ஒரு பார்வையும் கிடைப்பது. சட்டபூர்வமான மேல்முறையீடு வேறு. வட்டாட்சியரின் உத்தரவை எதிர்த்துப் பத்மநாபபுரம் கோட்ட அலுவலகத்திலும், அதற்கு மேலே மாவட்ட வருவாய் அலுவலரிடமும் செய்வது. அதற்கு முதலில் ஓர் உத்தரவு கையில் இருக்க வேண்டும். ‘தள்ளுபடி ஆனாலும் சரி, எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்கச் சொல்வது இதற்காகத்தான். உத்தரவே போடாமல் இழுத்தடித்தால், குறிப்பிட்ட நாளுக்குள் முடிவெடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம்.

சர்வேயர் வரும் நாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல வீடுகளில் லஞ்சம் என்ற பெயரே இல்லாமல் கை மாறுவது அன்றைக்குத்தான். ‘வண்டிக் காசு’, ‘செயின் பிடிக்கிறவருக்குச் சாயா செலவு’ என்று ஐந்நூறு, ஆயிரம் போகும். சட்டத்தில் இதற்குத் தனிச் சலுகை கிடையாது. சம்பளத்துக்கு மேல் வாங்கும் எதுவும் முறையற்ற ஆதாயம்தான். வருபவருக்கு ஒரு இளநீர் வெட்டிக் கொடுப்பதை யாரும் தவறு சொல்லப் போவதில்லை, கவர் வேண்டாம். புதர் வெட்ட, கல் நட ஆள் வேண்டுமென்றால் நீங்களே கூப்பிட்டு, கூலியை அவர் கையிலேயே கொடுங்கள். சர்வேயர் மூலமாகக் கொடுக்க வேண்டாம். முந்தின நாளே நான்கு மூலையும் தெரியும்படி மட்டையும் செடியும் அகற்றி, பழைய எல்லைக் கல்லைத் தோண்டிக் காட்டி வையுங்கள். சித்தியும் பக்கத்துப் புரையிடக்காரரும் அங்கே இருக்கட்டும். ‘எல்லை தெரியவில்லை, இன்னொரு நாள் வருகிறேன்’ என்று சொல்ல இடம் வைக்காதீர்கள். அந்த இன்னொரு நாளுக்குத்தான் பேரம் தொடங்கும்.

இவ்வளவுக்குப் பிறகு அலுவலரே நேரிலோ போனிலோ தொகை கேட்டால் கதை மாறுகிறது. அப்போது மறுக்கவும் வேண்டாம், சரி என்று சொல்லவும் வேண்டாம். ‘வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன் சார்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். அன்றே, எந்த நேரம், எந்த இடம், யார் உடன் இருந்தார், எந்த வார்த்தையில் கேட்டார் என்று எழுதி வையுங்கள். போனில் பதிவாகியிருந்தால் அதை வெட்டி ஒட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகலை மட்டும் நம்பிப் போனை மாற்றவும் கூடாது. மின்னணுச் சான்றுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் தர வேண்டியிருக்கும். மூலக் கருவி உங்களிடம் இருந்தால் அது சிக்கல் இல்லாமல் முடியும்.

அடுத்து, லஞ்ச ஒழிப்புத் துறை. ஊர்ப்பேச்சில் விஜிலென்ஸ். 1964 முதல் இருக்கும் மாநில இயக்ககம். நம் மாவட்டத்துக்கான பிரிவு நாகர்கோவிலில் இருக்கிறது. தொடர்பு எண் ஒவ்வொரு அரசு அலுவலகத்திலும் பலகையில் எழுதியிருக்கும். இதற்கு மொட்டைக் கடிதம் உதவாது. நேரில் போக வேண்டும். முதலில் உங்கள் புகார் உண்மைதானா என்று பார்ப்பார்கள். பிறகு எழுத்தில் புகார், முதல் தகவல் அறிக்கை. வேறு துறைகளிலிருந்து இரண்டு அரசு ஊழியர்கள் சாட்சியாக வருவார்கள். கேட்டவரைக் கையும் களவுமாகப் பிடிக்கப் பொறி வைப்பார்கள். அதற்கான நோட்டுகளை வழக்கமாகப் புகார் கொடுப்பவரே கொண்டுவர வேண்டும். அவை வழக்குச் சொத்தாகிவிடும் என்பதால், அந்தத் தொகை திரும்பக் கிடைக்கும் நடைமுறையை அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நோட்டு எண்களை மகஜரில் (சாட்சிகள் முன் எழுதும் பதிவில்) எழுதிக்கொண்டு, நோட்டின் மீது பினாப்தலீன் பொடியைத் தடவுவார்கள். தொட்டவர் விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் இளஞ்சிவப்பாக மாறும். அந்தக் கரைசலைப் புட்டியில் அடைத்து, முத்திரை வைத்து, தடய அறிவியல் ஆய்வுக்கு அனுப்புவார்கள். இப்படிச் சட்ட அமைப்பிடம் சொல்லிவிட்டுக் கொடுக்கும் பணத்துக்கு நீங்கள் குற்றவாளி ஆக மாட்டீர்கள் என்று 8-ஆம் பிரிவே சொல்கிறது. கையும் களவுமாகப் பிடிக்கும் வழக்குக்கு மேலிடத்தின் முன்அனுமதியும் தேவையில்லை. நீதிமன்றத்துக்குப் போகும்போது மட்டும் 19-ஆம் பிரிவு அனுமதி வேண்டும்.

இந்த வழக்குகள் தோற்பது பெரும்பாலும் கரைசலின் நிறத்தில் அல்ல, பேச்சில்தான். உள்ளே போனதும் பதற்றத்தில், ‘இந்தாங்க சார்’ என்று நீங்களே நீட்டிவிட்டால், ‘அவர் கேட்டாரா?’ என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் போகும். பணம் கைப்பற்றப்பட்டதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது, கேட்டதும் நிரூபிக்கப்பட வேண்டும் என்று 2014-இல் பி. ஜெயராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே வேலையைப் பற்றிக் கேளுங்கள்: ‘சார், என் உட்பிரிவு என்னாச்சு?’ அவர் பணப் பேச்சை எடுக்கும்வரை காத்திருங்கள். கூட வரும் சாட்சியின் காதில் அது விழ வேண்டும். ‘மேசை டிராயரில் வையுங்க’, ‘வெளியே சாயாக் கடையில் நிற்கிறவர்கிட்ட குடுங்க’ என்று சொன்னால், சொன்ன வார்த்தையையும் இடத்தையும் அப்படியே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் அன்று விடுப்பில் போனால் இன்னொரு நாள் போக வேண்டியிருக்கும்; பொடி தடவிய நோட்டோடு வீட்டுக்குத் திரும்பாதீர்கள், லஞ்ச ஒழிப்புத் துறை அலுவலரிடமே ஒப்படையுங்கள். அதைவிட முக்கியம், வீட்டில்கூட அன்றுவரை யாருக்கும் சொல்லாமல் இருப்பது. மஸ்கட்டுக்கு வீடியோ காலில் சொன்னது மாலைக்குள் முக்குக் கடைக்கு வந்துவிடும்.

பிறகு சாட்சி மாறுவது. வழக்கு வருவதற்குள் ஆண்டுகள் போகும், ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் பேச வருவார்கள், புகார்தாரர் ‘எனக்கு ஞாபகம் இல்லை’ என்பார். 2022 டிசம்பர் 15 அன்று நீரஜ் தத்தா வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, புகார்தாரர் இறந்துவிட்டாலோ பல்டி அடித்தாலோகூட, மற்றச் சாட்சியங்களாலும் சூழ்நிலைச் சான்றுகளாலும் லஞ்சம் கேட்டதை நிரூபிக்கலாம் என்று தெளிவுபடுத்தியது. அதற்காக நீங்கள் வராமல் இருந்துவிடலாம் என்று அர்த்தம் இல்லை. பவர் கொடுத்துக் கணவரை அனுப்பவும் முடியாது. கேட்டது உங்களிடம் என்றால் கூண்டில் ஏற வேண்டியதும் நீங்கள்தான். இதற்கு மனம் ஒப்பவில்லை என்றால் பொறி வைக்கும் வழியைத் தொடங்காமல், எழுத்து வழியிலேயே முட்டுவது மேல். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

உங்கள் பயத்துக்கு வருகிறோம். புகார் செய்தால் மனு கிடந்துபோகுமா? பிடிபட்டவர் பணியிடை நீக்கம் ஆனதும் அவர் மேசையில் இருக்கும் கோப்புகள் கொஞ்ச நாள் ஆளில்லாமல் கிடக்கும், உண்மை. அதனால் விஜிலென்ஸ் புகாரிலேயே நிலுவையில் இருக்கும் வேலை இன்னதென்று எழுதுங்கள். அடுத்த திங்கள்கிழமையே ஆட்சியருக்குத் தனி மனு கொடுத்து, உட்பிரிவை வேறு அளவரிடம் ஒப்படைக்கக் கேளுங்கள். ஆவணம் முழுதாக இருக்கும் மனுவை, வழக்கு நடக்கும் நேரத்தில் பழிவாங்குவதற்காக நிறுத்தி வைக்கும் துணிச்சல் அடுத்து வருபவருக்குச் சுலபத்தில் வராது. ஆவணத்தில் ஓட்டை இருந்தால் அவர் அதைக் காரணமாக எழுதுவார், அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. சித்தியின் சம்மதக் கடிதத்தை இன்றே வாங்கச் சொல்வது அதனால்தான்.

ஊருக்கும் சேர்த்து ஒன்று செய்ய முடியும். ஒரு குறுவட்டத்துக்கு ஒரு சர்வேயர். அவரை விட்டால் அந்த வேலைக்கு வேறு ஆள் இல்லை. யாருடையதை முதலில் அளப்பது என்பது அவர் கையில். வரிசை யார் கண்ணுக்கும் தெரியாது. எட்டாயிரம் என்ற விலை இந்த மூன்றும் சேர்ந்து வைப்பது. ஆள் பற்றாக்குறையை நாம் தீர்க்க முடியாது, வரிசையை வெளியே கொண்டுவர முடியும். வரும் கிராம சபையில், அது நவம்பர் 1 உள்ளாட்சி நாளாக இருந்தால் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த நாளும் அதுதான், ‘உட்பிரிவு மனுக்களின் எண், தேதி, அளக்கப்போகும் நாள் ஆகியவற்றை மாதந்தோறும் கிராம நிர்வாக அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும்’ என்று ஒரு தீர்மானம் கொண்டுவரச் சொல்லுங்கள். வருவாய்த் துறையை அது கட்டுப்படுத்தாது. ஆனால் தீர்மான நகலை இணைத்து ஆட்சியரிடம் கேட்கும் மனுவுக்குக் கனம் கூடும். பேரூராட்சிப் பகுதி என்றால் கிராம சபை இல்லை. தகவல் உரிமையில் கிடைக்கும் பட்டியலைத்தான் நீங்கள் பயன்படுத்த வேண்டும்.

வங்கிக்கு இப்போதைக்குப் பதிவான பத்திரம், வில்லங்கச் சான்று, கூட்டுப் பட்டா நகல், பட்டா மனுவின் நிலுவை நிலைப் பக்கம் நான்கையும் கொடுத்து, வங்கியின் சட்ட ஆலோசகர் கருத்தைக் கேட்டுப் பாருங்கள். கடன் ஒப்புதலை முதலில் வாங்கிக்கொண்டு, பட்டா வந்தபின் பணத்தை விடுவிக்கும் ஏற்பாட்டுக்கு அவர்கள் சம்மதித்தால், அந்த ஆள் உங்களிடம் காட்டிய அவசரம் பாதியாகக் குறைந்துவிடும்.